செரிப்ரல் பால்சி உள்ளவர்களின் வீல்சேர் ஓட்டத்துக்கு எதற்குத் தனிப் பிரிவு?

வீல்சேரில் உட்கார்ந்துவிட்டால் எல்லாருக்கும் கைதானே வேலை செய்கிறது, அப்புறம் மூளை பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத செரிப்ரல் பால்சி உள்ளவர்களை டி34 என்ற பிரிவில் எதற்குத் தனியாக ஓட விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அக்கா மகனுக்குச் செரிப்ரல் பால்சி. டம்ளரை நன்றாகவே பிடிப்பான். தண்ணீர் குடித்துவிட்டுக் கீழே வைத்த பிறகுதான் சிரமம். விரல்கள் பிரியாது. "மெதுவா விடுடா கண்ணா" என்று அக்கா அவன் மணிக்கட்டை லேசாக மடக்கிக் கொடுப்பாள். ஒவ்வொரு விரலாகத் திறக்கும். அவசரப்படுத்தினால் இன்னும் இறுகிவிடும்.

இதை அப்படியே 100 மீட்டர் ஓட்டத்தில் வைத்துப் பாருங்கள். ரேஸ் வீல்சேருக்குக் கியர் கிடையாது. பின்சக்கரங்களின் வெளிப்பக்கம் ரப்பர் சுற்றிய சின்ன வளையம் இருக்கும். கெட்டியான கிளவுஸ் போட்ட கையால் அதை மேலிருந்து குத்தி, கீழே வரை அழுத்திக் கொண்டுபோய், சட்டென்று விட்டுவிட வேண்டும். விடுவதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் அந்தக் கையே பிரேக் ஆகிவிடும். இரண்டு கையும் ஒன்றுபோலத் தள்ளாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். போதாததற்கு, துப்பாக்கிச் சத்தம் கேட்டதுமே உடம்பு தூக்கிப்போட்டு விறைத்துக்கொள்பவர்களும் உண்டு. முதுகெலும்பில் அடிபட்டாலும் கைகள் முழுமையாக இயங்குபவர்கள் டி53, டி54 பிரிவுகளில் ஓடுகிறார்கள். அவர்களோடு இவர்களை நிறுத்தினால் அது எப்படிப் போட்டியாகும்?

டி என்றால் டிராக். 32 முதல் 34 வரை வீல்சேரில் ஓடுபவர்கள், எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். 35 முதல் 38 வரை வீல்சேர் இல்லாமல் காலால் ஓடுபவர்கள்.

சரி, தனிப் பிரிவு என்பதால் வேகம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். டி34-இல் ஓடும் பிரிட்டனின் ஹன்னா காக்ராஃப்ட்டுக்குப் பிறந்த 48 மணி நேரத்துக்குள் இரண்டு முறை இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்டது. லண்டன் 2012 முதல் பாரிஸ் 2024 வரை ஒன்பது பாராலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார். 2018-இல் அவருடைய நாட்டின் கேர் அடெனெகன், 17 வயதில், 100 மீட்டரை 16.80 விநாடியில் முடித்து உலக சாதனையைப் பறித்தார். அடெனெகன் செரிப்ரல் பால்சி உள்ளவர். 2021-இல் டோக்கியோவில் காக்ராஃப்ட் 16.39 விநாடியில் வந்து தங்கம் வென்றார், அடெனெகன் வெள்ளி. கணக்குப் போட்டால் சராசரியே மணிக்கு 22 கிலோமீட்டர் வருகிறது. அதுவும் நின்ற இடத்திலிருந்து கிளம்பி! இப்படி ஒருவரையொருவர் துரத்துவதற்கு அந்தப் பிரிவு என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்த டோக்கியோ ஓட்டத்தை அக்கா மகனுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். யார் முதலில் வந்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. "மாமா, ஸ்லோவா வைங்க, கையைப் பார்க்கணும்" என்றான்.