துவாலுவுக்கு வரும் மானியம்: கேள்வி பதில்

பசிபிக் தீவு நாடுகளின் மானியத் திட்டங்களில் கணக்குப் பக்கம் வேலை பார்த்தவள் நான். துவாலுவை வைத்து இந்த மானிய விவகாரம் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

சத்யா, திருச்சி: பதினோராயிரம் பேர்தான் இருக்கிறார்கள், மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர் என்கிறார்கள். இந்த நாட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எப்படிப் போய்ச் சேர்கிறது?

நல்ல இடத்தில் ஆரம்பிக்கிறீர்கள் சத்யா. முதலில், இவர்கள் முழுக்கக் கையேந்தி நிற்பவர்கள் இல்லை. டூனா மீன்பிடி உரிமம்தான் பெரிய வருமானம். நவுரு ஒப்பந்த நாடுகளோடு (டூனாப் பிடிப்பைக் கூட்டாக நிர்வகிக்கும் பசிபிக் நாடுகள்) சேர்ந்து, ஒரு கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்க இவ்வளவு என்று விலை வைத்து விற்கிறார்கள். குறைந்தபட்ச விலை 8,000 அமெரிக்க டாலர். டாட் டிவி என்ற இணைய முகவரி உரிமையிலும் பணம் வருகிறது.

வெளியிலிருந்து வருவது பல வழிகளில். உலக வங்கியின் ஐடிஏ பிரிவு, கடனில் சிக்கும் அபாயம் அதிகமுள்ள ஏழை நாடுகளுக்குக் கடனுக்குப் பதில் மானியமாகவே தரும். துவாலு அந்த வகை. ஆசிய வளர்ச்சி வங்கி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தைவான் எல்லாம் உண்டு. தைவானைத் தனி நாடாக அங்கீகரிக்கும் சில நாடுகளில் துவாலுவும் ஒன்று என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு 1987ல் வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் மூன்றும் பெரும்பங்கு போட, துவாலுவும் தன் பங்கைப் போட்டு, சுமார் 27 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரில் துவாலு அறக்கட்டளை நிதி உருவானது. அதை வெளிநாட்டுச் சந்தையில் முதலீடு செய்கிறார்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தும் போட்ட முதல் கரையாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால்தான் இரண்டாவது கணக்குக்குப் போகும். பட்ஜெட்டில் துண்டு விழும் வருடம் அரசு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் சம்பளத்துக்குப் போகுமா, ஜெனரேட்டர் டீசலுக்குப் போகுமா என்று அரசே முடிவு செய்யலாம்.

திட்ட மானியத்தில் அது நடக்காது. ஒவ்வொரு கொடையாளருக்கும் தனி வங்கிக் கணக்கு, தனி டெண்டர் விதி, தனி அறிக்கைப் படிவம், தனித் தணிக்கை. நிதி அமைச்சகத்தில் இருக்கும் அதே சில பேர்தான் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். கொடையாளர் குழு வந்து இறங்கினால் அன்றாட வேலை நின்றுவிடும். குட்டி நாட்டில் பணத்தைவிட ஆள்தான் பற்றாக்குறை. இதைச் சொன்னால் கொடையாளர்கள் தலையாட்டிவிட்டு இன்னொரு படிவம் அனுப்புவார்கள்.

முருகேசன், தேனி: எங்கள் அறக்கட்டளை பசுமைப் பருவநிலை நிதியத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?

முடியாது. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்குப் பணம் தரும் பன்னாட்டு நிதியம் அது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். துவாலுவின் கடற்கரைத் திட்டத்தை ஐநா வளர்ச்சித் திட்டம்தான் கொண்டுபோனது. இந்தியாவில் நபார்டு, சிட்பி போன்றவற்றுக்கு அந்த அங்கீகாரம் உண்டு. அப்புறம், "நிதி வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ரம்யா, சென்னை: அக்கா, இந்தியா துவாலுவுக்கு என்ன செய்கிறது? தேர்வுக்குப் படிக்கிறேன்.

2014ல் மோடி ஃபிஜி போனபோது 14 பசிபிக் தீவு நாடுகளுக்கான ஆண்டு மானியம், நாட்டுக்கு 1,25,000 டாலரிலிருந்து 2,00,000 டாலராக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அந்த 14ல் துவாலுவும் உண்டு.

பிரகாஷ், கோவை: கடற்கரையில் மண் கொட்ட 36 மில்லியன் டாலர். தலைக்கு 3,200 டாலருக்கு மேல் வருகிறது. எல்லாரையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது மலிவு இல்லையா?

கணக்கு சரிதான் பிரகாஷ். 2016ல் பசுமைப் பருவநிலை நிதியம் ஒப்புக்கொண்ட தொகை அது. ஆனால் அந்தப் பணம் தலைநகர் ஃபுனாஃபுட்டிக்கு மட்டும் இல்லை. நனுமேயா, நனுமாங்கா தீவுகளிலும் வேலை உண்டு. ஃபுனாஃபுட்டியில் கடற்கழியிலிருந்து மணல் அள்ளி, சுமார் 780 மீட்டர் நீளத்துக்கு உயரமான புது நிலம் எழுப்பினார்கள். 2100க்குப் பிறகும் கடல் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்பது கணக்கு.

ஆஸ்திரேலியா கதவும் திறந்துதான் இருக்கிறது. 2023 நவம்பரில் கையெழுத்தான ஃபலேபிலி ஒப்பந்தப்படி வருடத்துக்கு 280 பேர் வரை அங்கே குடியேறலாம். யார் போவது என்பதைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். 2025ல் நடந்த முதல் குலுக்கலுக்கு நாட்டில் பெரும்பாலோர் பெயர் கொடுத்தார்கள். பதிலுக்கு, துவாலு வேறு நாட்டோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்வதென்றால் ஆஸ்திரேலியாவின் ஒப்புதல் வேண்டும். "மானியம்" என்ற தலைப்பில் வராத விலை இது.

எல்லாரும் போய்விட்டால் மீன்பிடி உரிமத்தை யார் விற்பது? கடல் ஏறினாலும் துவாலு நாடாகத் தொடரும் என்று அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள்தான்.

செந்தில், ஈரோடு: தீவு மூழ்கவே இல்லையாம், வளர்கிறதாம். ஆராய்ச்சியே வந்திருக்கிறது. எல்லாம் காசு வாங்கும் நாடகம்.

அந்த ஆராய்ச்சி 2018ல் வந்தது. 1971 முதல் 2014 வரையான படங்களை ஒப்பிட்டு, மொத்தப் பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்றது. பொய்யில்லை. அலை பவளமணலைக் கொண்டுவந்து ஓரத்தில் ஒதுக்குகிறது. ஆனால் அளந்தது பரப்பை, உயரத்தை இல்லை. பெரிய ஓதம் வரும்போது தண்ணீர் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை, நிலத்துக்கு அடியிலிருந்தும் ஊறி வருகிறது. புலாக்கா கிழங்குக் குழிகளில் உப்பு ஏறினால், ஓரத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்ததால் யாருக்கு என்ன லாபம்?

பிரகாஷ் மீண்டும்: அப்படியானால் தீவே தன்னைச் சரிசெய்துகொள்கிறதே. எதற்கு மண் கொட்ட வேண்டும்?

ஆளில்லாத திட்டுக்கு அது சரி. ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுதளம், மருத்துவமனை, வீடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமே! இன்னொன்று: இரண்டாம் உலகப் போரில் அந்த ஓடுதளம் போட அமெரிக்கப் படை தோண்டிய பள்ளங்கள், குப்பையும் உப்புத் தண்ணீருமாக எழுபது வருடம் கிடந்தன. ஓரமாகக் குடிசை போட்டும் வாழ்ந்தார்கள். 2015ல் நியூசிலாந்துப் பணத்தில்தான் மூடினார்கள். எந்த அலையும் வந்து நிரப்பவில்லை.

ஜெயந்தி, மதுரை: எங்கள் டிரஸ்ட்டுக்கு வெளிநாட்டு நிதி கிடைக்குமா?

முதலில் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதா பாருங்கள். மீதிக்கு முருகேசனுக்குச் சொன்னதைப் படியுங்கள். முன்பணம் கட்டாதீர்கள்.

அருண், சேலம்: சிவில் எஞ்சினியர். அங்கே வேலை கிடைக்குமா?

ஐநா அமைப்புகள், ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கொள்முதல் அறிவிப்புகளைப் பாருங்கள். கடற்கரைப் பொறியியல் அனுபவம் இருந்தால் நல்லது.

கோபி, நெல்லை: மேடம், எங்கள் அறக்கட்டளை...

மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன். முன்பணம் கட்டாதீர்கள்.

பிரகாஷ்: கடைசியாக ஒன்று. மண் கொட்டியாச்சு. பத்து வருடம் கழித்து யார் பராமரிப்பது?

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். திட்ட மானியம் கட்டுவதற்கு வரும். கட்டியதைப் பார்த்துக்கொள்ளும் செலவு பெரும்பாலும் அரசு தலையில்தான் விழும். மீன் வருமானம் நன்றாக இருக்கும் வருடம் சமாளிக்கலாம். டூனாக் கூட்டம் வெப்பத்தோடு இடம் மாறும். அது வேறு பக்கம் நகர்ந்த வருடம் அறக்கட்டளை நிதியின் இரண்டாவது கணக்கைத்தான் தட்ட வேண்டும். சந்தையும் அதே வருடம் சரிந்திருந்தால் அதிலும் புதிதாக எதுவும் விழுந்திருக்காது.