உனக்கு எப்படித் தெரியும்?

அன்புள்ள அண்ணா,

எனக்கு இருபத்திரண்டு வயது. திரைக்கதை எழுத ஆசை. இரண்டு வருடங்களாகப் புத்தகங்களும் காணொளிகளுமாகப் படித்து வருகிறேன். இன்னும் ஒரு காட்சியும் எழுதவில்லை. தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று அங்க அமைப்பில் முதல் திருப்பம் இருபத்தைந்தாம் பக்கத்தில் வரவேண்டுமா, முப்பதாம் பக்கத்திலா? எந்த மென்பொருள் நல்லது? சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு எழுதத் தொடங்கலாமா? என் கதைச்சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

ம., சாவகச்சேரி

அன்புள்ள ம.,

மென்பொருளை விடுங்கள், கொப்பியும் பேனாவும் போதும். சென்னைக்குப் போவது உங்கள் வீட்டு வசதியைப் பொறுத்தது. திருப்பத்தின் பக்கக் கணக்கை 1979 இல் புத்தகமாக்கிய அமெரிக்கத் திரைக்கதை ஆசான் சிட் ஃபீல்ட், அதற்கு முன் ஆயிரக்கணக்கான திரைக்கதைகளை வேலைக்காக வாசித்துத் தள்ளியவர். அவர் அத்தனையும் வாசித்த பிறகு வந்தடைந்த இடத்தில், எழுதத் தொடங்காமலே நீங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கிறீர்கள். இரண்டு வருடம், தம்பி! ஒரு காட்சிகூட இல்லையா? கோபம்தான் வந்தது.

உங்கள் கதைச்சுருக்கத்தில் ஒரு வரி: ‘வெளிநாட்டிலிருந்து திரும்பிய குமரன், பழைய வீட்டைப் பார்த்து மனம் உடைந்துபோகிறான்.’ போன மாதம் ஒரு குறும்படப் போட்டிக்கு வந்த பிரதிகளை வாசித்த நாளிலிருந்து இந்த ‘மனம் உடைந்து’ என்னைத் துரத்துகிறது. எல்லோருடைய மனமும் உடைகிறது. ஒருவருடைய கையும் அசைவதில்லை.

1990 இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. அதன்பின் எங்கள் ஊரில் படம் பார்ப்பதென்றால், காசு சேர்த்து, யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வைத்துத்தான். பின்வரிசைச் சிறுவர்களுக்கு அந்த இரைச்சலில் பாதி வசனம் கேட்காது. முழங்கால் வலியால் அம்மம்மா வரமாட்டார். மறுநாள் காலை விறாந்தையில் ஓலைப்பெட்டி இழைத்தபடி, “கதையைச் சொல்” என்பார்.

“அவன் தாயை நினைத்துக் கவலைப்பட்டான்” என்பேன். ஓலை நின்றுவிடும்.

“கவலைப்பட்டான் என்று உனக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னானோ?”

“இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு, ஒரு வாயும் வைக்காமல் கையைக் கழுவினான்.”

“அதை முதலில் சொல்லியிருக்கலாமே.” ஓலை மறுபடி ஓடத் தொடங்கும்.

எத்தனை காலைகள் இப்படி! ‘பயந்தான்’ என்றால் எப்படித் தெரியும். ‘காதலித்தாள்’ என்றால் எப்படித் தெரியும். சில நாள் பதில் இருக்காது, அழுகை வரும். பிறகு படம் பார்க்கும்போதே அம்மம்மாவுக்கு என்ன சொல்வது என்று நடிகர்களின் கைகளையும் கால்களையும் பார்க்கப் பழகிவிட்டேன். நான் படித்த திரைக்கதை வகுப்பு அதுதான்.

சாவகச்சேரி என்று உங்கள் கடிதத்தில் பார்த்ததும் மனம் அங்கே போய்விட்டது. போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில், சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்து உங்கள் ஊருக்குத்தான் வந்தோம். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் பல குடும்பங்கள். மூன்றாம் நாள் இரவு, நித்திரை வராத அம்மம்மா என்னைத் தட்டி எழுப்பினார். “அந்தச் சோறு பிசைந்தவனின் கதையைத் திரும்பச் சொல்” என்றார். படத்தின் பெயர் எங்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

உங்கள் குமரனிடம் வருவோம். ‘வெளி, பழைய வீடு, பகல்’ என்று தலைப்பிட்டு, அவன் படலையைத் திறப்பதிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். அது திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். காண்பதும் கேட்பதும் மட்டும். நினைத்தான், உணர்ந்தான், உடைந்தான் என்று வரும் இடங்களையெல்லாம் வெட்டுங்கள். பிறகு ஒரு நண்பரை உரத்து வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். படம் வராத வரியில் கோடு போடுங்கள். மறுநாள் அதே பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் திங்கள் காலையே வாசித்துவிடுவேன். கதைச்சுருக்கம் இனி வேண்டாம்.