சமுத்திரமும் இல்லாமற்போயிற்று

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். சென்ற மாதம் எங்கள் பக்கத்தில் நடந்த ஜெபக்கூட்டம் ஒன்றில், பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எசேக்கியேல் சொல்லும் மேசேக் என்பது மாஸ்கோதான் என்றும், கடைசி நாட்களில் வரும் என்கிற கோகு மாகோகு யுத்தம் நெருங்கிவிட்டது என்றும், தேவனை ஏற்காதவர்கள் அந்நாளில் பறவைகளுக்கு இரையாவார்கள் என்றும் பேசினார்கள். பதினைந்து வருடமாக என் படகில் வருகிறவர் ஒரு முஸ்லிம் அண்ணன். அவரும் தேவனுடைய சத்துருவா? இன்னொன்று, புதிய பூமியில் கடல் இராது என்று விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வாசிக்கக் கேட்ட என் அம்மா, "அப்போ நமக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மாவின் கேள்விதான் பெரியது என்பதால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் திருவெளிப்பாடு என்பதை எங்கள் வீட்டில் வெளிப்படுத்தின விசேஷம் என்போம். பழைய மொழிபெயர்ப்பின் சொற்களே எனக்கு நாவில் வருகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்கோ விஷயத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. எசேக்கியேலில் கோகு என்ற அதிபதி ஆளும் மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கி நிலப்பகுதியில் வாழ்ந்த இனங்கள்; அசீரியக் கல்வெட்டுகளிலேயே அவர்கள் பெயர் உண்டு. மாஸ்கோ என்ற பெயர் எழுத்தில் முதலில் காணப்படுவது கி.பி. 1147இல், எசேக்கியேலோ அதற்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் முந்தியவர். அதோடு, எசேக்கியேலில் வடதிசையிலிருந்து வருகிற கோகு, வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானின் தரிசனத்தில் பூமியின் நான்கு திசைகளிலுமுள்ள ஜாதிகளாக, கடற்கரை மணலைப் போன்ற தொகையாக மாறிவிடுகிறான். நான்கு திசை என்றால் பாம்பனும் அதற்குள் அடக்கம்தான்.

மேடையில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு பகுதி எசேக்கியேல் 39இல் இருக்கிறது. கோகு விழுந்தபின் ஊரார் வெளியே வந்து, கேடகங்களையும் வில்லுகளையும் ஈட்டிகளையும் ஏழு வருஷம் அடுப்பெரிக்கிறார்கள். அதுவரை ஒருவரும் காட்டுக்கு விறகு வெட்டப் போவதில்லை. சீமைக்கருவேலம் முள் குத்தக் குத்த விறகு சுமந்து பழகிய நம் மாவட்டத்துப் பெண்களுக்கு இந்த வசனத்தின் நிம்மதி எந்த வியாக்கியானமும் இல்லாமலே புரியும். எதிரிகளின் பிணங்களைக்கூட அவர்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை, ஏழு மாதம் தேடித்தேடி அடக்கம் செய்கிறார்கள்.

இனி உங்கள் அண்ணனைப் பற்றி. பறவைகளின் விருந்து வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கத்தான் செய்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அங்கே யுத்தம் என்று சொல்லத்தக்க எதுவும் வர்ணிக்கப்படவில்லை. வெள்ளைக் குதிரையில் வருகிறவரின் பட்டயம் அவர் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. பின்னே வரும் சேனை வெண்வஸ்திரம் தரித்து வருகிறதே தவிர, யாரையும் வெட்டியதாக ஒரு சொல்லும் இல்லை. அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறவர்களை வரிசையாகப் பாருங்கள்: மிருகம், கள்ளத்தீர்க்கதரிசி, பிசாசு, பிறகு மரணமும் பாதாளமும். ஏழு மலைகளின்மேல் வீற்றிருக்கும் நகரத்தைப் பற்றிப் படித்த அக்காலத்துச் சபைகள், மிருகம் என்றால் தங்களை நசுக்கிய ரோமப் பேரரசு என்று உடனே கண்டுகொண்டிருப்பார்கள். இரட்சிக்கப்படுகிறவர்களின் பெயர் எழுதிய ஜீவபுஸ்தகத்தில் பெயரில்லாதவனும் அதில் தள்ளப்படுவான் என்று அடுத்த வசனம் சொல்வது உண்மை. அந்தப் புஸ்தகம் திறக்கப்படுவதோ சிங்காசனத்தின் முன்பாக. ஜெபக்கூட்டத்து மேடையில் அது யார் கையிலும் இல்லை. பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம் என்கிறார் பவுல், ஒரு சமயத்தாரின் பெயரை அவர் சொல்லவில்லை.

கடலுக்கு வருகிறேன். எபிரெயர் கரையில் நின்று கடலுக்கு அஞ்சியவர்கள். தானியேலின் நான்கு மிருகங்களும் யோவானின் மிருகமும் கடலிலிருந்தே எழும்புகின்றன. கர்த்தர் கொல்லப்போகும் வலுசர்ப்பம் சமுத்திரத்தில் இருப்பதாக ஏசாயா சொல்கிறார். பத்மு தீவில் இருந்த யோவானுக்கு, அவரைச் சபைகளிடமிருந்து பிரித்து வைத்திருந்ததும் கடலே. ஆகவே இல்லாமற்போகும் கடலை, மீன் தரும் கடலாக நான் வாசிப்பதில்லை. மிருகத்தை எழுப்பிய கடலாகவே வாசிக்கிறேன். எல்லா வியாக்கியானக்காரர்களும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள். கடல் இல்லாமற்போகும் அதிகாரத்துக்கு முந்தின அதிகாரத்தில், கடல் போவதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய ஒரு காரியம் சொல்லப்பட்டிருக்கிறது, அதை வாசித்துக் காட்டுங்கள்: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் கடல் கொண்டுபோனவர்களையும், வலைக்குப் போய் உடல்கூடக் கிடைக்காதவர்களையும் அம்மாவின் தலைமுறை பெயர் சொல்லி எண்ணும். அங்கே நமக்கு என்ன வேலை என்று கேட்டாரல்லவா? கரையில் நின்று அவர்களை அடையாளம் காட்ட ஆள் வேண்டும்.