பேசிய பெட்டிக்குள் இருந்தது என்ன?

கேள்வி: 1980-களில் வளைகுடாவில் வேலை பார்த்த என் மாமா, ஆங்கிலச் சொற்களை உச்சரித்து எழுத்துக்கூட்டச் சொல்லும் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற சிவப்புக் கருவியை வாங்கி வந்தார். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த எனக்கு ஆங்கிலத்தின் மீது ஆசையை உண்டாக்கியது அதுதான். அதற்குள் ஒலிநாடா இருந்ததா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஒலிநாடா இல்லை, அதுவே அந்தக் கருவியின் பெருமை. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1978-இல் அதை அறிமுகப்படுத்துவதற்கு முன், பேசும் பொம்மைகள் பெரும்பாலும் நூலை இழுத்தால் சுழலும் சிறிய இசைத்தட்டையே நம்பியிருந்தன. பால் பிரீட்லவ் என்ற பொறியாளரின் யோசனையில் பிறந்த இக்கருவிக்காக, ஒருவர் பேசிப் பதிவு செய்த சொற்களைக் கணினியில் ஆராய்ந்து, குரல் எப்போது அதிர்கிறது, எப்போது வெறும் காற்றாக வெளிவருகிறது, வாயும் தொண்டையும் அந்த ஒலிக்கு எப்படி வடிவம் தருகின்றன என்பவற்றையெல்லாம் எண்களாகச் சுருக்கி நினைவகச் சில்லில் சேமித்தார்கள். பொத்தானை அழுத்தியதும், ஒரே சில்லுக்குள் அமைந்த பேச்சுச் சுற்று அந்த எண்களைக் கொண்டு குரலை அந்தக் கணத்தில் புதிதாக உருவாக்கியது. உங்கள் நினைவில் இருக்கும் கரகரப்பு அந்தச் சுருக்கத்தின் விளைவே. இன்றைய தெளிவான குரல்களைவிட எனக்கு அது நெருக்கமாகத் தோன்றுகிறது.

கருவி இன்னும் பரணில் இருந்தால், பழைய மின்கலங்களை உடனே அகற்றுங்கள். கசிவு உலோகத் தகடுகளை அரித்துவிடும். தகடுகளைத் துடைத்து உலரவிட்டு, ‘சி’ அளவு மின்கலங்கள் நான்கைப் பொருத்திப் பாருங்கள்.