ஜனவரியில் சிகாகோ போகலாமா? கேள்வி பதில்

சிகாகோவில் எனக்கு இது பதினெட்டாவது குளிர்காலம். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, கிறிஸ்துமஸ் லீவில் வருவதா, பிப்ரவரியில் வருவதா? (டல்லாஸ்)

விளக்கு அலங்காரம் பார்க்க டிசம்பர், கரையோரம் உறைந்த மிச்சிகன் ஏரியைப் பார்க்க ஜனவரிக் கடைசி. டேலி பிளாசாவில் நடக்கும் ஜெர்மன் கிறிஸ்துமஸ் சந்தை 24-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஜனவரியில் ஹோட்டல் வாடகை நன்றாக இறங்கியிருக்கும். நான் அதைத்தான் சொல்வேன். ஆற்றுப் படகில் போய்க் கட்டடங்களைப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் கோடையில் வாங்க. பக்கிங்காம் நீரூற்றும் அக்டோபரில் நிறுத்தினால் மே மாதம்தான் திறப்பார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அம்மா புடவை தவிர வேறு கட்ட மாட்டார். இந்தக் குளிரில் கூட்டி வருவது பாவமில்லையா? (ஹூஸ்டன்)

பாவமே இல்லை, தம்பி. ஆனால் இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும்.

ஜனவரிப் பகலில் சராசரியாக 0 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 8 இருக்கும். உடம்பை வாட்டுவது காற்றுதான். மைனஸ் 10-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் மைனஸ் 20 போல உறைக்கும். அதனால் ஒரே தடிமனான ஸ்வெட்டரை நம்பாதீர்கள். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் அதுவே ஐஸ் கட்டி மாதிரி ஆகிவிடும். அம்மா தாராளமாகப் புடவை கட்டட்டும். பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், காலுக்குக் கம்பளி சாக்ஸும் பூட்ஸும், மேலே கணுக்கால் வரை வரும் கோட். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், நடைபாதையில் உப்பும் சேறுமாகக் கிடக்கும். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் கதகதப்பு. வழுக்கும் இடத்தில் கையைப் பாக்கெட்டில் விடாமல் வாத்து மாதிரி குட்டிக் குட்டி அடியாக நடக்க வேண்டும்.

வெளியே அரை மணி நேரம், பிறகு உள்ளே இரண்டு மணி நேரம் என்று நாளைப் பிரியுங்கள். அப்பாவை ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கலை அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடு அந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. அந்தப் பயணத்துக்குத் துணை நின்றவர் உங்கள் ஊர் மன்னர் பாஸ்கர சேதுபதி. 1897-இல் திரும்பி வந்து பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே. பாம்பன் பக்கத்தில் குந்துகாலில் இருக்கும் விவேகானந்தர் நினைவிடத்தைப் பார்த்த ஒருவர் இங்கே வந்து நிற்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

மறுநாள் கார்ஃபீல்டு பூங்காக் கண்ணாடித் தோட்டம். 1908-இல் திறந்தது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே பெரணிக்கும் பனைக்கும் நடுவே கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். கிரீன் லைன் ரயில் அதன் பக்கத்திலேயே நிற்கும்.

காரில் வரலாமா? (இண்டியானாபொலிஸ்)

வரலாம், ஊருக்குள் வந்ததும் காரை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை பல பெரிய சாலைகளில் அதிகாலை 3 முதல் 7 மணி வரை நிறுத்தக் கூடாது. பனி பெய்யாவிட்டாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பலகையைப் படிக்காமல் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். விமானத்தில் வருபவர்களுக்கு ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ப்ளூ லைன் ரயில் இருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் நகர மையம். பிளாட்பாரத்தில் பட்டனை அழுத்தினால் தலைக்கு மேல் சூடு தரும் விளக்கு எரியும், அதன் அடியில் நில்லுங்கள்.

சைவச் சாப்பாடு? (சான் ஹோசே)

இந்தியக் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூவில் தோசை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். டீப் டிஷ் பீட்சா வேகவே முக்கால் மணி நேரம் ஆகும், குழந்தைகள் பசியில் அழும் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். ஊருக்கு வெளியே லெமாண்டில் இருக்கும் இந்துக் கோயிலுக்குப் போக மட்டும் கார் வேண்டும்.

குழந்தைகளுக்குப் பணம் செலவில்லாமல் ஏதாவது? (அட்லாண்டா)

லிங்கன் பூங்கா மிருகக்காட்சி சாலை, அனுமதி இலவசம்.

உறைந்த ஏரியின் மேல் நடக்க முடியுமா? (ஆஸ்டின்)

கூடவே கூடாது. மிச்சிகன் ஏரி சிகாகோ பக்கம் முழுதாக உறைவதில்லை. அலை அடித்து அடித்துக் கரையோரம் பனிக்கட்டி மேடு மாதிரி சேரும். பார்க்கத் தரை போலவே இருக்கும், அடியில் பள்ளமும் தண்ணீரும். கால் உள்ளே போனால் ஏறிவரப் பிடிமானம் கிடைக்காது. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

கரையில் நின்று பாருங்கள், அதுவே போதும். ஆட்லர் கோளரங்கம் இருக்கும் முனைக்குக் காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். ஜனவரியில் சூரியன் ஏழேகாலுக்குத்தான் உதிக்கும், அதுவும் ஏரிக்குள்ளிருந்து. கடுங்குளிர் நாளாக இருந்தால் தண்ணீரிலிருந்து பொங்கல் பானையில் எழுவதுபோல ஆவி எழும்; வெயில் பட்டதும் அது முழுக்கச் செம்மஞ்சளாகிவிடும். செல்போனை உள் பாக்கெட்டில் வைத்திருங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கிப் படம் எடுக்கும் நேரத்தில் அணைந்துவிடும்.