பழைய கேசட்டில் பெரியவர்களின் குரல்: ஓடவிடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் சங்க நூலகத்தில் 1980களில் பதிவுசெய்த 140 கேசட்டுகளும், திறந்த சுருளில் சுற்றிய 11 ஸ்பூல் நாடாக்களும் இருக்கின்றன. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள், டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் வாழ்ந்தவர்கள், தெருக்கூத்து ஆடியவர்கள் பேசியவை. யூஎஸ்பி கேசட் பிளேயர் ஒன்று வாங்கி எம்பி3 ஆக மாற்றத் தொடங்கினோம். குரல் மங்கலாக வருகிறது. சில கேசட்டுகளில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. மாற்றி முடித்ததும் நாடாக்களை எறிந்துவிடலாமா?

பதில்: எறியாதீர்கள். அந்த யூஎஸ்பி பிளேயரையும் இன்றே நிறுத்திவிடுங்கள். நாற்பது வயதான நாடாவை ஒழுங்காக ஓட்டும் வாய்ப்பு பெரும்பாலும் ஒருமுறைதான் கிடைக்கும். உங்கள் நூலகத்தில் இவ்வளவையும் திரும்ப இரண்டாம் தடவை மாற்ற ஆளும் நேரமும் கிடைப்பது அரிது. ஆகவே அந்த ஒரு ஓட்டத்திலேயே நாடாவில் உள்ளதை முழுதாக எடுத்துவிட வேண்டும்.

முதலில் வெள்ளைப் பொடி. அது பெரும்பாலும் பூஞ்சையாகத்தான் இருக்கும். டர்பனின் ஈரக்காற்றில் அலமாரிக்குள் பல வருடம் கிடந்த நாடாவுக்கு இது வருவது இயல்பு. அப்படியே டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போட்டால் பொடி ஹெட்டிலும் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் முனையிலும்) ரோலரிலும் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். பொடி உள்ளவற்றைப் பிரித்துத் தனி அட்டைப்பெட்டியில் வேறு அறையில் வையுங்கள். ஏசியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ ஓடும் அறையில், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே, சில வாரம் இருக்கட்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது. நாடாவும் கூடும் வளைந்துவிடும். பூஞ்சை உலர்ந்து உதிரும் நிலைக்கு வந்தபின் என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவத்தால் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலைக்கு வர வேண்டாம். பிறகு நாடாவை எடுத்து, திருகாணி போட்ட புதுக் கேசட் கூட்டுக்கு மாற்றலாம். நாடாவை அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு உதிர்ந்துபோன கேசட்டுக்கும் கூடு மாற்றுவதே வழி. அறுந்த நாடாவை ஒட்ட, கேசட்டுக்கென்றே விற்கும் ஒட்டுநாடாதான் வேண்டும். சாதாரண செல்லோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றையும் ஒட்டிவிடும்.

இனி குரல் ஏன் மங்கலாக வருகிறது என்பதைப் பார்ப்போம். இதுதான் உங்கள் கேள்வியின் மையம். கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே நகர்கிறது. அந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் 5 மைக்ரானுக்கும் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். ஹெட்டில் உள்ள நுண்ணிய பிளவு, பதிவுசெய்த கருவியின் பிளவு நின்ற அதே கோணத்தில் நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் மேல் ஒலிகள் அழிந்து, ச, ஸ, ஷ எல்லாம் மழுங்கிவிடும். வயதானவரின் பேச்சு ஏற்கெனவே மெல்லியது. அதில் மெய்யெழுத்துகளும் போய்விட்டால் ஊர்ப்பெயர்களே பிடிபடாது.

சரிசெய்வது எளிது. ஹெட்டுக்குப் பக்கத்தில், பெரும்பாலான டெக்குகளில் ஸ்பிரிங்கின் மேல், ஒரு சிறு திருகாணி இருக்கும். காந்தம் ஏறாத சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். இடது வலது இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். கலந்து கேட்கும்போது கோணப் பிழை உடனே தெரியும். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகாணியை மெதுவாக, கால் சுற்றுக்கு உள்ளாகவே, இருபுறமும் திருப்பிப் பாருங்கள். ஒரு புள்ளியில் நாடாவின் இரைச்சலும் ‘ஸ’ ஒலியும் சட்டென்று கூர்மையாகும். அங்கே விட்டுவிடுங்கள். ஏ பக்கத்துக்கு ஒருமுறை, பி பக்கத்துக்கு ஒருமுறை, நடுவில் வேறு ரெக்கார்டரில் பதிவு தொடர்ந்திருந்தால் அங்கும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். கம்பெனி பதிவான கேசட் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டால் வேலை முடிந்ததும் ஹெட்டைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். மலிவான யூஎஸ்பி பிளேயர்களில் பெரும்பாலும் இந்தத் திருகாணியை எளிதில் எட்ட முடியாது, நாடா சீராகவும் ஓடாது. பழுதுபார்த்த பழைய ஒற்றைத் திசை டெக் ஒன்றை வாங்குங்கள். ஆட்டோ ரிவர்ஸ் உள்ளது வேண்டாம். திரும்பித் திரும்பி நிற்கும் ஹெட் ஒரே கோணத்தில் நிலைக்காது. உறையில் டால்பி (நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் முறை) என்று எழுதியிராவிட்டால் டால்பி பொத்தானை அணைத்து வையுங்கள். தவறாகப் போட்டாலும் குரல் இப்படித்தான் மங்கும்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் பின்விளிம்பில் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். அப்புறம் யாராவது தவறி ரெக்கார்டு பட்டனைத் தொட்டாலும் ஒன்றும் அழியாது. ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள்.

டெக்கிலிருந்து லேப்டாப்பில் பதியும் அமைப்பு: 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு. எம்பி3 கேட்பதற்கான நகல் மட்டுமே, அதை மூலமாக வைக்கக் கூடாது. மோனோ பேச்சாக இருந்தாலும் இரண்டு சேனலிலும் எடுங்கள். ஒரு தடம் கெட்டிருந்தால் மற்றது கைகொடுக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். உங்கள் 140 கேசட்டும் 60 நிமிட வகை என்றால் 280 ஜிபி. உச்ச ஒலி கழித்தல் 12க்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பெரியவர் யோசித்து நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் இரைச்சல் பொங்கி எழும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். மின்வெட்டு வந்தாலும் கோப்பு கெடாது, சார்ஜர் வழியாக வரும் ரீங்காரமும் குறையும்.

மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடவே வேண்டாம். பின்னணியில் கேட்கும் கோயில் மணி, கூடவே பேசும் பாட்டி, ரயில் சத்தம் எல்லாம் அந்த வீட்டின் சான்றுகள்.

இன்னொன்றும் எதிர்ப்படும். பக்கத்தின் கடைசியில் குரல் வரவரக் கீச்சென்று சின்னப்பிள்ளைக் குரலாக மாறும். பதிவின்போது ரெக்கார்டரின் பேட்டரி இறங்கி நாடா மெதுவாக நகர்ந்திருக்கிறது. இப்போது சரியான வேகத்தில் ஓடுவதால் குரல் விரைகிறது. மூலத்தில் அதை அப்படியே விட்டு, கேட்கும் நகலில் திருத்துங்கள். அளவு தெரிய ஒரு வழி உண்டு. தென்னாப்பிரிக்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தக் கால டியூப் லைட்டின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். பதிவில் அது 104 என்று காட்டினால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள்.

ஸ்பூல்களில் கைவைக்கும் முன் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சுருளின் ஊடே ஒளி தெரிந்தால் அசிடேட் நாடா. வினிகர் வாடையும் அடித்தால் சிதையத் தொடங்கிவிட்டது, அதற்கே முதலிடம். ஓடும்போது கிறீச்சிட்டு ஹெட்டில் பிசுபிசுப்பாகப் பழுப்பு படிந்தால் உடனே நிறுத்துங்கள். அப்படிப்பட்ட பாலியெஸ்டர் நாடாவைச் சுமார் 50 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்தி மீட்பார்கள், ஆனால் சமையலறை அடுப்பில் முயல வேண்டாம், அசிடேட்டுக்கு அது ஆகவே ஆகாது. ஸ்பூல்களுக்குத் தேர்ந்தவரிடம் போவதே நல்லது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் யோசனை கேட்கலாம். இந்திய வம்சாவளியினரின் வரலாற்றை அங்கே சேகரித்து வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு தெளிவாகப் பதிந்தாலும், பேசுவது யார் என்று தெரியாவிட்டால் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்தான். கேசட் உறையின் இரு பக்கத்தையும் எழுத்து தெரியும்படி படமெடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பேசியவர், கேட்டவர், நாள், இடம், குடும்பம் வேலைசெய்த தோட்டம் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயரைத் தமிழிலும், அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். 1860 முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. பேச்சில் அந்த எண்ணோ கப்பல் பெயரோ வந்தால் தனியே குறித்துவிடுங்கள், கப்பல் பட்டியலோடு குடும்பத்தை இணைக்க அதுவே திறவுகோல். எழுத்தாக்கும்போது சுலுவும் ஆங்கிலமும் கலந்த பேச்சை அப்படியே எழுதுங்கள், செந்தமிழாக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு நேரக்குறி போதும்.

வெளியிடும் முன் குடும்பத்தாரின் எழுத்து இசைவு வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா உயிரோடிருப்பவர்களைக் காக்கிறது. காலமானவர் பேச்சில் இன்றிருக்கும் ஒருவரின் நோய், கடன், குடும்பச் சண்டை வந்தால் அந்தப் பகுதியைப் பொதுவில் வைக்காமல் மூடிவையுங்கள், வெட்டிவிடாதீர்கள்.

கோப்புகளுக்கு மூன்று பிரதி வேண்டும், அவற்றில் ஒன்று டர்பனுக்கு வெளியே. 2022 ஏப்ரல் வெள்ளத்தை நினைத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண் எடுத்துவைத்து, வருடம் ஒருமுறை ஒப்பிடுங்கள். சிடியை நம்ப வேண்டாம். நாடாக்களை நிற்கவைத்து, 20 டிகிரியை ஒட்டி, ஈரம் ஏறி இறங்காத அறையில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் எடுக்கும்போது நீர் கோத்துவிடும்.

வரிசையை முடிவுசெய்யும்போது, பேசியவரின் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லக்கூடிய முதியவர்கள் எந்தக் கேசட்டுகளுக்கு இன்னும் இருக்கிறார்களோ அவற்றை முன்னால் எடுங்கள். அந்தப் பெரியவர்களை நூலகத்துக்கு அழைத்து, ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கவைத்து, அவர்கள் சொல்வதையும் பதிவுசெய்யுங்கள்.