கடற்கரை என்றதும் அவள் ஏன் அழுதாள்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், வயது 36, பி.காம். மூன்று நாள் ஹிப்னோதெரபி (மனோவசியச் சிகிச்சை) பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். அடுத்த நிலைக்கு 65,000 ரூபாய். வளையலை அடகு வைக்கிறேன் என்றால் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. காசிமேட்டில் இருக்கும் நாத்தனார் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். விசைப்படகில் போன அவள் அப்பா திரும்பி வரவில்லை, மூன்று வருடம் ஆகிறது. தூக்கம் வரவில்லை என்றாள். பயிற்சியில் தந்த தாளைப் பார்த்து அவளுக்குச் செய்தேன். கடற்கரையில் நடப்பதாக நினைத்துக்கொள் என்றதும் தேம்பி அழுதாள், அந்த அளவுக்கு வேலை செய்தது. அடுத்த வாரம் பழைய நினைவுகளுக்கு இன்னும் பின்னோக்கிக் கொண்டுபோகப் போகிறேன். கணவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

பதில்: கணவர் விஷயம் கிடக்கட்டும் தங்கச்சி. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, கடற்கரையில் நட என்றிருக்கிறீர்கள். இரண்டையும் உங்கள் கையாலேயே ஒரே கடிதத்தில் எழுதியும் உங்களுக்கு உறைக்கவில்லை. அவள் அழுதது உங்கள் வித்தை பலித்ததால் இல்லை, அப்பா நினைப்பு வந்ததால். எழுந்ததும் என்ன சொன்னாள், ராத்திரி தூங்கினாளா, அவள் அம்மாவிடம் நீங்கள் சொன்னீர்களா? கடிதத்தில் ஒரு வரி இல்லை. எனக்குக் கோபமே அதில்தான்.

ஹிப்னாஸிஸ் தூக்கம் இல்லை. 1840களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற டாக்டர் கிரேக்க மொழியில் தூக்கத்துக்கான சொல்லை வைத்துப் பெயர் கொடுத்தார், பிறகு அவரே அதை மாற்றப் பார்த்தார். படுத்திருப்பவருக்கு எல்லாம் காதில் விழும், பெரும்பாலும் நினைவிலும் நிற்கும். நீங்கள் சொன்னது அவளுக்குள்தான் இருக்கிறது. இந்த லட்சணத்தில் பின்னோக்கிப் போகிறேன் என்கிறீர்கள். அந்த நிலையில் கேட்கக் கேட்க, நடக்காததையும் நடந்ததாக மனம் கோத்துக்கொள்ளும், அதை முழுசாக நம்பவும் செய்யும். அப்பாவின் கடைசி நாளைப் பற்றி அப்படி ஒன்று அவள் மனதில் பதிந்துவிட்டால் யார் எடுப்பது? அடுத்த வாரம் கிடையாது, நிறுத்துங்கள்.

ஹிப்னாஸிஸ் பொய் என்று நான் சொல்லவில்லை. வலிக்கும் பதற்றத்துக்கும் டாக்டர்களும் உளவியலாளர்களும் மற்ற சிகிச்சையோடு சேர்த்துச் செய்கிறார்கள். ஆனால் முதலில் நோயாளியின் கதையைக் கேட்பார்கள், அப்புறம்தான் எந்தக் காட்சி என்று முடிவு செய்வார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிய இத்தனை காலம் முக்கிய வழியாக இருந்த எம்.ஃபில், முதுகலைக்கு மேல் முழுநேரமாக இரண்டு வருடம், அதுவும் மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் படிப்பது. நிஜமாகவே ஆசை இருந்தால் எம்.எஸ்சி. உளவியலில் சேருங்கள், உங்கள் வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன். இந்த 65,000க்கு வளையல் போக வேண்டாம்.

எவ்வளவு படித்தாலும் சொந்த வீட்டுப் பிள்ளைக்குச் சிகிச்சை செய்யக் கூடாது, தொழிலில் இருப்பவர்களே செய்ய மாட்டார்கள். அவளுக்கு நீங்கள் அத்தை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமன் வீடுதான் இன்னொரு வீடு, அதைப் பயிற்சிக் கூடமாக்கியது தப்பு.

இந்த ஞாயிறே காசிமேட்டுக்குப் போங்கள். நாத்தனாரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையிடம், “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவள் அப்பாவைப் பற்றிப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். தூக்கமின்மைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது, அம்மாவும் பெண்ணும் சம்மதித்தால் கூடவே போங்கள். ராத்திரியில் ரொம்ப முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை அவள் போனில் நீங்களே பதிந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.